லாத்தாவும் முப்பத்து மூன்று டயோடுகளும்

லாத்தாவிடம் யாரும் சும்மா நலம் விசாரிக்கக் கூடாது. "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் அந்த இடத்திலேயே நின்று, தன் உடம்பைத் தானே விசாரிப்பதுபோல ஒரு கணம் யோசிப்பார். "இடுப்பு வலிக்குது. சின்னவளுக்கு இருமல் இன்னும் விடலை. மத்தபடி இருக்கேன்" என்பார். ஏன்தான் கேட்டோமோ என்று கேட்டவருக்கு ஆகிவிடும்.

தஞ்சாவூர் புறவழிச்சாலைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகைத் தொழிற்கூடத்தில் ஆறு வருடம் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். முதலாளி சிங்கப்பூரில் பதினைந்து வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். வெளிநாட்டு எலக்ட்ரானிக்ஸ் சாமான்கள் தாராளமாக வரத் தொடங்கியிருந்த நேரம் அது. மோட்டாரின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் 'டிரைவ்' பெட்டிகளைப் பாகங்களாக வாங்கி, பொருத்தி, டெல்டா முழுக்க இருக்கும் ரைஸ்மில்களுக்கு விற்றார். நான் பூதலூரிலிருந்து பாசஞ்சர் ரயிலில் வந்து போவேன். பாகங்களை வாங்குவதும் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை. லாத்தா டெஸ்டிங். பெட்டி வெளியே போக வேண்டுமானால் அவர் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் என்பதால் எனக்கு அவர் லாத்தாதான். ஆனால் அவரைவிடப் பத்து வயது பெரியவரான முதலாளியும் அப்படியே கூப்பிட்டார். லாத்தா பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்தவர். தலையை மூடிய முக்காட்டுக்குமேல் கண்ணாடி மாட்டிக்கொண்டு, உதட்டை லேசாகக் கடித்தபடி மின்சாரத்தின் போக்கைக் கோடாகக் காட்டும் ஆசிலாஸ்கோப்பின் பச்சைத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது ஒரு பாகத்தை நீட்டி "இது நல்லா இருக்கு லாத்தா" என்றால் திரும்பிப் பார்க்காமலே கேட்பார்: "பாத்தியா, அளந்தியா?"

"லாத்தா ரொம்ப அளக்குறாங்கப்பா" என்று முதலாளி கேலி செய்வார். எங்கள் பக்கம் அளப்பது என்றால் புளுகுவது என்றும் பொருள். புளுகவே தெரியாத ஒருவரைப் பற்றி அப்படிச் சொல்வதில் அவருக்கு ஒரு சந்தோஷம். லாத்தா அதற்குச் சிரித்ததுமில்லை, முறைத்ததுமில்லை.

அவர் கணவர் ஷார்ஜாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். இரண்டு பெண் பிள்ளைகள். "உங்க வீட்டுக்காரர் எப்ப வர்றாரு?" என்று கேட்டால் "வர்றேன்னு சொல்லியிருக்காங்க" என்பார். 'வருகிறார்' என்று ஒருநாளும் சொன்னதில்லை. பிள்ளைகளிடமும் அப்படித்தான். பெரியவள் ஒருமுறை தொழிற்கூடத்துக்கு வந்திருந்தபோது, "அத்தா நோன்புக்கு வந்துடுவாங்களாம்மா?" என்று கேட்டாள். "சொல்லியிருக்காங்க. லீவு கிடைக்கணும். இன்ஷா அல்லாஹ்" என்றார். பிள்ளையின் முகம் வாடிவிட்டது. ஆமா என்று சொன்னால்தான் என்ன என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அவரிடம் ஆறுதலை எதிர்பார்க்க முடியாது. என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பார்க்க வந்த எல்லோரும் "ஒண்ணும் ஆகாது, எழுந்து நடப்பார் பாரு" என்று சொல்லிவிட்டு, ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போனார்கள். லாத்தா வந்து "டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப வலது கை திரும்ப வர்றது கஷ்டம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் கிளம்பிப் போகவில்லை. சாயங்காலம்வரை உட்கார்ந்து அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டினார், மருந்துக் கடைக்குப் போய் வந்தார், அம்மாவைக் கட்டாயப்படுத்திச் சாப்பிட வைத்தார். வலது கை வரவேயில்லை. அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த நிலத்தை விட்டுவிட்டோம். அதன்பிறகு வீட்டில் சம்பாதிப்பவள் நான் ஒருத்திதான்.

அந்த வருடம் குறுவை அறுப்புக்கு முன்னால் பன்னிரண்டு டிரைவ்களுக்கு ஆர்டர் வந்தது. குறுவை எப்போதும் மழையில் மாட்டும். ஈர நெல்லைக் கொள்முதலில் வாங்க மாட்டார்கள். குவித்து வைத்தால் சூடேறி முளைத்துவிடும். அதனால் மில்காரர்கள் சிலர் புதிதாக நெல் காயவைக்கும் டிரையர் போட்டிருந்தார்கள். அந்த டிரையர்களில் காற்றைத் தள்ளும் ப்ளோயர் மோட்டாருக்குத்தான் எங்கள் பெட்டி. முதலாளி தேதி சொல்லிக் கொடுத்துவிட்டார்.

எல்லாம் இருந்தது, ஒரு டயோடைத் தவிர.

அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் மோட்டாருக்கு மின்சாரத்தை மாற்றி மாற்றி விட ஆறு பவர் ஸ்விட்சுகள் இருக்கும். மேலே மூன்று, கீழே மூன்று. மேலே இருப்பதை இயக்க, அதற்கென்று ஒரு சின்னக் கெப்பாசிட்டரில் கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்து வைக்க வேண்டும். ஒரு டயோடு வழியாக அது நிரம்பும். மேல் ஸ்விட்சு ஆன் ஆனதும் டயோடின் மறுபக்கம் அறுநூறு வோல்ட்டுக்குப் பக்கமாக வந்து நிற்கும். அந்த நொடியே டயோடு அடைத்துக்கொள்ள வேண்டும். பூட்ஸ்ட்ராப் டயோடு என்று அதற்குப் பெயர். ஒரு பெட்டிக்கு மூன்று.

"வயலுக்குத் தண்ணி பாய்ச்சிட்டு மடையை அடைக்கிறீங்கல்ல?" என்று லாத்தா என்னிடம் ஒருமுறை கேட்டார். "வாய்க்கால்ல தண்ணி இறங்கினப்புறம் மடையை அடைக்கலன்னா?"

"பாஞ்ச தண்ணி திரும்ப வாய்க்காலுக்கே ஓடிடும்."

"அதான். இது ஒரு செகண்டுல ஆயிரக்கணக்கான தடவை அடைக்கணும். அதனால வேகமா அடைக்கிறதா பாத்து வாங்கணும்."

எங்கள் பெட்டியை வடிவமைத்துக் கொடுத்த பெங்களூர் என்ஜினியர் வரைபடத்தில் எழுதியிருந்தது அப்படி வேகமான வகை. அது சென்னையில் எங்கேயும் கிடைக்கவில்லை. மூன்று வாரம் ஆகும் என்றார்கள். ஒரு கடைக்காரர் போனில் சொன்னார்: "மேடம், ஃபோர் டபுள் ஓ செவன்தானே? அதுல சாதாரணமானது மூட்டை மூட்டையா கிடக்கு. அதே ஆயிரம் வோல்ட். அதே ஒரு ஆம்பியர். எல்லாரும் அதைத்தான் போடுறாங்க." உண்மையில் இரண்டுக்கும் கடைசி நான்கு எண்கள் ஒன்றுதான். முன்னால் வரும் எழுத்து மட்டும் வேறு. நெல்மணி அளவில் கறுப்பு உடம்பு, ஓரத்தில் வெள்ளிக் கோடு. பூதக்கண்ணாடி இல்லாமல் வித்தியாசம் தெரியாது.

சாம்பிளாகப் பத்து வந்தது. லாத்தா டேட்டா புத்தகத்தில் இரண்டு பக்கங்களையும் திறந்து வைத்துக்கொண்டு விரலை ஓட்டினார். வோல்ட் சரி. ஆம்பியர் சரி. ஒரு வரிசையில் விரல் நின்றது. "எவ்வளவு நேரத்துல அடைக்கும்னு இதுல போட்டிருக்கான். அதுல அந்த வரியே இல்ல. ஏன் எழுதாம விட்டான்?" பிறகு ஸ்கோப்பில் போட்டுப் பார்த்தார். மின்சாரத்தைச் சட்டென்று திருப்பிவிட்டபோது, முன்பு வாங்கிய டயோடின் கோடு ஒரு சின்னப் பள்ளம் விழுந்து உடனே நிமிர்ந்தது. இதில் பள்ளம் நீண்டுகொண்டே போனது.

"இது ஆகாது" என்றார்.

முதலாளி ஒரு போர்டில் அதையே போட்டு, மோட்டாரை ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டினார். "ஓடுதே லாத்தா!"

லாத்தா போர்டை அணைத்துவிட்டு, டயோடில் விரலை வைத்து எடுத்தார். விரல் நுனி சிவந்திருந்தது. "இங்க ஃபேன் காத்துல, மூடியில்லாம, சும்மா சுத்துற மோட்டாருக்கே இவ்வளவு சூடு. அங்க தவிட்டுத் தூசியில, மூடின டப்பாவுல, நாள் பூரா ஓடணும். ஓடுறவரைக்கும் ஓடும். அப்புறம் மேல் ஸ்விட்சுக்குத் தெம்பு பத்தாம வெடிச்சிரும். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மறுநாள் அவர் சின்ன மகளுக்கு டைபாய்டு என்று தெரிந்தது. ஒரு வாரம் லீவு போட்டார்.

அந்த ஒரு வாரத்தில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "சாதாரணத்தையே வாங்கிடுங்க. ரெஜிஸ்டர்ல வெறும் ஃபோர் டபுள் ஓ செவன்னு எழுதுங்க. முன்னாடி எழுத்து வேணாம்." வாங்கினேன், எழுதினேன், எடுத்துக் கொடுத்தேன். பன்னிரண்டு பெட்டிகளும் மூடி, முதலாளியே கையெழுத்துப் போட்டு, லாரியில் போய்விட்டன. மிச்சத்தை மேசை டிராயருக்குள் தள்ளிவிட்டேன்.

லாத்தா தூக்கமில்லாத கண்களோடு திரும்பி வந்தார். காலி அலமாரியைப் பார்த்தார்.

"டயோடு வந்துடுச்சாம்மா?"

"வந்துடுச்சு லாத்தா. ஃபோர் டபுள் ஓ செவன்."

"நம்ம கேட்டதுதானே?"

"ஆமா லாத்தா. அதேதான்."

"அல்ஹம்துலில்லாஹ். ஒரு வாரமா அதே கவலை" என்று சொல்லி உட்கார்ந்தார். எதையும் அளக்காமல் விடாதவர், நான் சொன்னதை மட்டும் அளக்கவில்லை.

இருபது நாளில் நீடாமங்கலம் பக்கத்து மில் ஒன்றிலிருந்து போன் வந்தது. பெட்டி வெடித்து ப்ளோயர் நின்றுவிட்டது. இரண்டு நாளாக மழை. முதலாளி போனிலேயே, "உங்க எலக்ட்ரீஷியன் கனெக்‌ஷனை மாத்திக் கொடுத்திருப்பான்" என்று சொல்லிவிட்டார். வேறு போர்டு ஒன்றைக் கொடுத்து லாத்தாவை அனுப்பினார். பேச்சுத் துணைக்கு என்னையும் அனுப்பினார். என்ன பேச வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

மில் களத்தில் தார்ப்பாயின் கீழே நெல் குவியல் குவியலாகக் கிடந்தது. புழுங்கிய வாடை. ஒரு ஓரத்தில் தார்ப்பாயை விலக்கிப் பார்த்த விவசாயி ஒருவர், உள்ளே கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். வெள்ளை வெள்ளையாய் முளை நீட்டியிருந்தது. அதைத் திரும்பப் போட்டு மூடினார்.

மில்லின் எலக்ட்ரீஷியன் மாணிக்கம் சுவரோரமாக நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மில்காரர் சொல்லிவிட்டிருந்தார். "நான் சரியாத்தாங்க கொடுத்தேன்" என்பதையே யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

லாத்தா முதலில் அவர் கொடுத்திருந்த கனெக்‌ஷனை ஒவ்வொரு கம்பியாகத் தொட்டு மீட்டரில் பார்த்தார். அப்புறம் பெட்டியைத் திறந்தார். ஒரு டயோடு பிளந்து கருகியிருந்தது. மற்ற இரண்டும் முழுசாக இருந்தன. பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து அவற்றின்மேல் குனிந்தார். நெடுநேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், பார்த்தார்.

"என்னம்மா, எங்க ஆளு பண்ணின கோளாறுதானே?" என்றார் மில்காரர்.

"இல்லங்க. அவர் கொடுத்த கனெக்‌ஷன் சரியா இருக்கு, அளந்து பாத்துட்டேன். எங்க போர்டுல தப்பான டயோடு போட்டிருக்கு. தப்பு எங்களோடது."

மாணிக்கம் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். மில்காரர் கத்தத் தொடங்கினார். எங்கள் முதலாளியை, எங்கள் இருவரையும், பெண்களை வேலைக்கு வைத்தவனை, எல்லோரையும் திட்டினார். லாத்தா திட்டைக் கேட்டுக்கொண்டே புது போர்டைப் பொருத்தினார். அது பழைய இருப்பில் இருந்தது, சரியான டயோடு போட்டது. ப்ளோயர் ஓடிய பிறகு, "இவரை வேலையை விட்டு அனுப்பாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் நான்தான் வெடித்தேன். "எனக்கு வேலை போயிடும் லாத்தா. எங்க வீட்டு நிலைமை உங்களுக்குத் தெரியும்ல? கொஞ்சம் மழுப்பியிருக்கக் கூடாதா?"

"வேலை போனாலும் போகும்" என்றார் லாத்தா. அம்மாப்பேட்டை தாண்டியதும் வெளியே பார்த்தபடியே, "இன்னும் பதினொரு பெட்டி இருக்கு" என்றார்.

வேலை போனது அவருக்குத்தான். மறுநாள் காலை முதலாளியிடம் போய், பதினொன்றையும் திருப்பி வாங்கி டயோடு மாற்ற வேண்டும் என்றார். "ஒண்ணு வெடிச்சா எல்லாம் வெடிக்குமா? ஊரெல்லாம் போய் நம்ம தப்புன்னு சொன்னா அப்புறம் யாரு வாங்குவா? கம்பெனியை மூடிட்டுப் போகச் சொல்றீங்களா?" என்று கத்திய அவர், இனி வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். கெட்டவர் இல்லை. பயந்துபோனவர். சிங்கப்பூரில் சேர்த்தது முழுவதும் அந்தத் தகரக் கொட்டகைக்குள் இருந்தது. லாத்தா தன் பூதக்கண்ணாடியையும் டிபன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் தன்னிடம் பொய் சொன்னதைப் பற்றி முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். முதலாளி கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பூதலூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவின் கையைப் பிடித்து மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் ஒரு சின்னப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். டயோடுகள். கணவரிடம் போனில் எழுத்து எழுத்தாகச் சொல்லி, அங்கே கடை கடையாக ஏறி வாங்க வைத்திருக்கிறார். ஊருக்கு வந்த ஒருவர், கோடாலித் தைலத்துக்கும் பேரீச்சம்பழத்துக்கும் நடுவில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். முதலில் கடைக்காரர் அறுநூறு வோல்ட்டில் ஒன்றை எடுத்து நீட்டினாராம். "அறுநூறு வந்து நிக்கிற இடத்துல அறுநூறையே போட்டா மூச்சு விட இடம் வேணாமா? ஆயிரந்தான் வேணும்னு சொல்லிட்டேன்."

"எத்தனை லாத்தா?"

"நாப்பது அனுப்பினாங்க. பாலிடெக்னிக் லேப்ல கேட்டு எல்லாத்தையும் பாத்துட்டேன். ரெண்டு ஆகாது."

"உங்க வீட்டுக்காரர் அனுப்பினதையுமா அளந்தீங்க?"

"அவங்களா செஞ்சாங்க அதை?" என்றார். பிறகு, "முப்பத்து மூணு வேணும். எந்தெந்த மில்லுக்குப் போச்சுன்னு உன் ரெஜிஸ்டர்ல இருக்கும். எனக்கு லிஸ்ட் வேணும்" என்றார்.

நான் முடியாது என்றேன். முதலாளிக்குத் தெரிந்தால் அவ்வளவுதான் என்றேன். "சரிம்மா" என்று சொல்லிவிட்டு, அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். அவர் கெஞ்சியிருந்தாலோ திட்டியிருந்தாலோ நான் பிடிவாதமாக இருந்திருப்பேன். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் பட்டியலை எழுதிக்கொண்டு நானே அவர் வீட்டுக்குப் போனேன்.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் இருவரும் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினோம். அவர் சாலிடரிங் அயர்னைப் பிடிக்க, நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒவ்வொரு மில்லிலும் அவர் ஒரே விஷயத்தை ஒரே குரலில் சொன்னார்: "இதுல தப்பான டயோடு இருக்கு. நான் இப்ப அந்தக் கம்பெனியில இல்ல. மாத்திக் கொடுத்துட்டுப் போறேன்." சிலர் டீ வாங்கிக் கொடுத்தார்கள். சிலர் சந்தேகப்பட்டு, முதலில் உள்ளேயே விடவில்லை. சுவாமிமலைக்குப் பக்கத்து மில்லில் பெட்டி முந்தின நாள்தான் வெடித்திருந்தது, கம்பெனிக்கு இன்னும் போன் போட்டிருக்கவில்லை. அங்கே மில்காரர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். லாத்தா நகரவில்லை. "நீங்க கோபப்படுறது நியாயம்" என்றார். மில்காரர் கையை இறக்கினார். லாத்தா கருகிய ஸ்விட்சுகளையும் தன் சொந்தக் காசில் வாங்கி, அடுத்த ஞாயிறு திரும்பப் போய்ச் சரிசெய்தார்.

அந்த நான்கு வாரமும் நான் பொய் சொன்னதைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. சாப்பாட்டை மட்டும் பகிர்ந்து சாப்பிட்டோம்.

அதன்பிறகு புகார் ஒன்றும் வரவில்லை. முதலாளிக்கு ஒரே பெருமை. "பாத்தீங்களா? நான் சொன்னேன்ல, மத்ததுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு. லாத்தா சும்மா பயமுறுத்தினாங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். நான் ரெஜிஸ்டரைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். இதை லாத்தாவிடம் சொன்னபோது, "அவருக்குத் தெரியாது, சொல்றாரு. உனக்குத் தெரியுமே" என்றார். ஆனாலும் நான் சொல்லவில்லை. இரண்டு வருடத்தில், முழுசாகச் செய்த வெளிநாட்டு டிரைவ்களே எங்கள் பாகங்களின் விலைக்கு வந்து இறங்கின. கொட்டகையை மூடினோம். பூட்டிய அன்று முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, "முப்பத்து மூணுமா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

அதற்கு முன்பே லாத்தா போய்விட்டிருந்தார். வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த கணவர் கடைசிவரை வரவில்லை. குடும்ப விசா எடுத்து இவர்களைக் கூப்பிட்டுக்கொண்டார். தஞ்சாவூர் ஸ்டேஷனில் சென்னை ரயிலுக்குக் காத்திருந்தோம். பிள்ளைகள் பெட்டிகள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் எனக்குத் தைரியம் வந்தது.

"லாத்தா, என்மேல கோபமா?"

அவர் வழக்கம்போல ஒரு கணம் யோசித்தார். "இருந்துச்சு. ரொம்ப இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். ரயில் வந்து நிற்கும்வரை விடவில்லை.

மூன்று வருடம் கழிந்தது. நான் வல்லத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். ஒரு நாள் மதியம் எனக்கு வெளிநாட்டிலிருந்து போன் என்றார்கள். லாத்தா. அப்பா இறந்த செய்தி தெரிந்து விசாரித்தார். பெரியவள் பிளஸ் டூ முடித்துவிட்டாளாம். அவருக்கு அங்கே ஒரு பள்ளிக்கூட லேபில் வேலை. இடுப்பு வலி அப்படியேதான் இருக்கிறதாம். போனை வைக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஏம்மா, ஒண்ணு சொல்லணும்னுதான் கூப்பிட்டேன். அது போயிடுச்சு."

"எது லாத்தா?"

"கோபம். நீ கேட்டியே. போன மாசம் உன்னை நெனச்சப்ப பாத்தேன், இல்ல. சரி, உடனே சொல்ல வேணாம்னு ஒரு மாசம் பொறுத்துப் பாத்தேன். இப்பவும் இல்ல."

ஆபீஸில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். லைனின் அந்தப் பக்கம் லாத்தா, நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்.